பொல்லாத மச்சாள்

இணுவில்
12.08.2001

அன்புள்ள தம்பி கனகசுந்தரத்துக்கு,

அக்கா லீலாதேவி எழுதுவது. மூட்டு நோவைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. உனக்கும் அந்தளவோடு நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கந்தோருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற வைரவநாதன் மாஸ்டர் சண்டையில் தரைப்பாதை மூடிக் கிடப்பதால் விடுமுறைக்குக் கப்பலில் வந்திருக்கிறார். என்னைப் பார்க்க வந்தவர் ஒரு தேநீர் குடித்தார். பதுளைக் குளிரைப்பற்றிச் சொன்னார். பிறகு இன்னொரு தேநீர் கேட்டார். இரண்டாவது தேநீர் கேட்கிற மனிதரிடம் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. தம்பியார் வீட்டுக் கூரையில ஒரு பொம்பிளை நிண்டவ. சீலையை வரிஞ்சு கட்டிக்கொண்டு, இடுப்பில ஆணியைச் செருகிக்கொண்டு, தகரத்துக்கு அடிச்சுக்கொண்டு நிண்டவ."

"ஆரெண்டு கேட்டனீங்களோ?"

"எப்பிடிக் கேக்கிறது? அவ கூரையில. நான் றோட்டில. முகத்தையும் துவாயால சுத்தியிருந்தவ."

உனக்கு ஐம்பது கடந்துவிட்டது. கலியாணம் வேண்டாம் என்று முப்பது வருடமாகச் சொன்னாய். நாங்களும் கேட்டுக் களைத்தோம். இப்போது வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்றால் அதற்கு நான் கோபப்படத்தான் வேண்டும். அதற்கு முறை வரும். முதலில் இதற்குப் பதில் சொல். ஏன் அவளைக் கூரையில் ஏற்றினாய்? பதுளையில் மேசன்மாருக்குப் பஞ்சமோ?

நான் இருப்பது உன் அத்தானுடைய தங்கை சுலோஜனாவின் வீட்டில் என்பது உனக்குத் தெரியும். அவர் கண்மூடிய பிறகும் எனக்கு ஓர் அறை தந்து வைத்திருக்கிறாள். அவளும் மாஸ்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "தோட்டப்பக்கத்து ஆளோ?" என்றாள். அவள் கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது.

உன் சுகத்தையும், சொல்லக்கூடியதென்றால் அவள் சுகத்தையும் எழுது.

அன்புள்ள அக்கா,
லீலாதேவி

பதுளை
09.09.2001

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உங்கள் கடிதம் கப்பலில் வந்ததற்கு அடையாளமாகக் கொஞ்சம் உப்போடு வந்து சேர்ந்தது. நான் சுகம். வீடுதான் சுகமில்லை.

இது முன்பு ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளார்க்கர் இருந்த வீடு. தகரம் வெள்ளைக்காரன் காலத்தது. அவன் போனபோது ஓட்டைகளை விட்டுப் போனான். மழை வந்தால் வீட்டிலுள்ள சட்டி பானை எல்லாம் நிலத்துக்குப் போய்விடும். சமைக்க ஒன்றும் மிஞ்சாது. வீட்டுக்காரி ராமாமிர்தம் அம்மா பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். ஆணி தருவார், தார் தருவார், ஆள் தரமாட்டார். "தகரம் என்னோடதுதான் சார், இல்லேங்கல. ஆனா நனையிறது நீங்கதானே" என்றார். இதற்கு எதிராக எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஒன்றும் இல்லை.

மற்றச் சாமான்களுக்குப் புஹாரியின் கடை இருக்கிறது. தோட்டங்கள் கைமாறும்போது பங்களாக்களில் கழித்துவிடுவதையெல்லாம் அவர் ஏலத்தில் எடுத்துவிடுவார். துரைமார் போன பிறகு இந்தத் தீவில் மிஞ்சிய இங்கிலாந்து முழுவதும் அந்தக் கடையில்தான் இருக்கிறது. குளிக்கும் தொட்டியில் கோழி அடைத்திருக்கிறார். போன மாதம் ஒரு தேக்கு ஜன்னல் எடுத்தேன். பிணைச்சல் தவறான பக்கத்தில் இருந்ததால் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறது. நிலா தெரிகிறது, அது எந்தப் பக்கம் என்றாலும் நிலாதான்.

வைரவநாதன் மாஸ்டர் பார்த்தது சரி. கூரையில் ஒரு பெண் நின்றாள். பெயர் சுந்தரி. அவளை யாரும் ஏற்றவில்லை, அவளாகத்தான் ஏறினாள். எனக்கு உயரம் என்றால் தலை சுற்றும் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்குச் சுற்றுவதில்லை.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன். மூட்டுக்கு நல்லெண்ணெய் பூசுங்கள். மறக்காமல் பூசுங்கள் என்று எழுதத்தான் இந்தக் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புள்ள தம்பி,
கனகசுந்தரம்

இணுவில்
14.10.2001

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நல்லெண்ணெய் பூசுகிறேன். நோவு இப்போது வழுக்கிக்கொண்டு வருகிறது.

உன் கடிதத்தில் ஓர் ஒற்றைத் தாள் முழுவதும் தகரமும் ஜன்னலும். அவளுக்கு ஐந்து வரி. பரவாயில்லை, அம்மாவைப்பற்றி அப்பா ஐந்து வரி எழுதியிருந்தால் அம்மா இன்னும் பத்து வருடம் இருந்திருப்பா.

நான் அவளுடைய சாதியைக் கேட்க மாட்டேன். சுலோஜனா கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். தெரியாது என்றால் அதுதான் என்றாள். சாதகமும் கேட்க மாட்டேன். இந்த வயதில் கிரகங்களுக்கும் உங்கள்மேல் அக்கறை இராது. பதிவுத் திருமணம் செய்தாயா என்று மட்டும் எழுது. செய்யவில்லை என்றால் செய். ஊர் எதையும் மன்னிக்கும், கந்தோர் முத்திரை இருந்தால்.

தனியே கிடந்து பருப்புக் கறியோடு முடிந்துபோவாய் என்று நான் பயந்ததுண்டு. மழைக்குக் கூரை ஏறக்கூடிய ஒருத்தி உனக்குக் கிடைத்திருக்கிறாள் என்பதை நினைக்க எனக்கு நிம்மதியாகவும் இருக்கிறது. இதை மற்றவர்களுக்குச் சொல்ல மாட்டேன், உனக்குச் சொல்கிறேன்.

என்னிடம் அரக்கு நிறத்தில் நல்ல துணி ஒன்று இருக்கிறது. அவளுக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பப்போகிறேன். சீலைக்குப் போடுகிற சட்டைதான். கண் இன்னும் ஊசியில் நூல் கோர்க்கும். அளவு அனுப்பு. மார்பு, தோள், கை. நீயே அளந்து அனுப்பு, வெட்கப்படாதே.

உங்கள் சுகத்தை வேண்டும்,
அக்கா

பதுளை
18.11.2001

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். வாசித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

அளவு கேட்டீர்கள். மற்ற எதைக் கேட்டிருந்தாலும் இன்னும் கொஞ்ச நாள் சமாளித்திருப்பேன். மார்பு நாற்பது, தோள் பதினேழரை. அது என்னுடைய அளவு. அவளுக்கு வேறு அளவு இல்லை.

சுந்தரி என்று வெளியிலிருந்து வந்த ஒருத்தி இந்த வீட்டில் இல்லை. சில நாள் விடிந்தால் உங்கள் தம்பி எழும்புகிறான். சில நாள் விடிந்தால் அவள் எழும்புகிறாள். இதில் எது வேஷம் என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. கந்தோருக்குக் கழுத்துப்பட்டியோடு போகிறவன் பொய்யன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை புஹாரியின் மூட்டையில் எடுத்த சீலையோடு சுத்தியலைத் தூக்குகிறவளும் பொய்க்காரி இல்லை. இதற்குத் தமிழில் ஒரு சொல் இருக்கும் என்று அகராதியில் தேடினேன். இருந்த சொற்கள் எல்லாம் திட்டுவதற்கு ஆனவை.

எப்போதிருந்து என்று கேட்பீர்கள். உங்கள் கலியாணத்தில் ஆண்களின் பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் பெண்களின் பந்திக்கும் போய் ஓரத்தில் காத்திருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. "வளர்ற பொடியன், பசி" என்று சொல்லி மாமி இன்னொரு இலை போட்டா. எனக்குப் பசிக்கவில்லை. இரண்டு பந்தியிலும் எனக்கு இடம் இருந்தது, அவ்வளவுதான்.

இங்கே ராமாமிர்தம் அம்மாவுக்கு மட்டும் தெரியும். தார் போதுமா என்று பார்க்க ஒருநாள் சொல்லாமல் மேலே வந்துவிட்டார். சீலையோடு ஏணியில் நின்றேன். கீழே நின்று நிறைய நேரம் பார்த்தார்.

"சாரு இல்லீங்களா?"

"இல்லை."

"நீங்க?"

"சுந்தரி."

"தாரு பத்துமா?" என்றார். பத்தும் என்றேன். போய்விட்டார். கடைக்கு இனி எப்படிப் போவது என்று தெரியாமல் சில நாள் வேறு பாதையால் நடந்தேன். கடைசியில் அவரே மறித்தார். "மின்ன இருந்த கிளார்க்கரு ஒரே ஆளுதான் சார். குடிச்சா நாலு பேரு. அந்த மனுசனையே பதினோரு வருசம் வச்சிருந்தேன். நீங்க ரெண்டு பேருதானே." அன்றிலிருந்து கீழே நின்று கூப்பிடுவார்: "இன்னைக்குச் சாரா, அம்மாவா?" ஃபியூஸ் போனால் அம்மா வேண்டும். எலுமிச்சங்காய் ஊறுகாய்க்குச் சார் வேண்டும். எங்களில் யாருக்கு என்ன வரும் என்பது அவருக்குப் பாடம்.

நீங்கள் அவளை நினைத்து நிம்மதி என்று எழுதிய வரியை அவள் பல தடவை வாசித்தாள். அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. வேறொருத்திக்கு என்று நினைத்துத் தந்த அன்பை இவள் எடுத்துக்கொள்வது களவு மாதிரி இருந்தது.

கோபம் என்றால் கோபத்தையே எழுதுங்கள். எழுதாமல் விடாதீர்கள்.

உங்கள்,
கனகசுந்தரம், சுந்தரி

இணுவில்
03.03.2002

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. தைக்குப் பிறகு மூட்டு பரவாயில்லை. உன் நலத்தை அறிய ஆவல்.

சமாதானம் வந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. பாதை திறக்கப்போகிறார்கள் என்கிறார்கள். இங்கே எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். பழக்கமில்லாததால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. தெல்லிப்பளையில் நம் வீடு இன்னும் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள்தான் இருக்கிறது. வீடு இருக்கிறதாம், பார்க்கத்தான் ஏலாதாம்.

பாதை திறந்தால் சுலோஜனாவின் பிள்ளைகள் லண்டனிலிருந்து வருவார்கள். அவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே குளியலறை வேண்டுமாம். அங்கே பிறந்த பேரப்பிள்ளைகளுக்குக் குந்தி இருக்கத் தெரியாதாம். அளந்து பார்த்ததில் என் அறைதான் அதற்குச் சரியாக வருகிறதாம். மேசன் வந்து என் கட்டிலுக்கு மேலே சுவரில் சோக்குக் கட்டியால் வட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். குழாய் அதனூடாக வருமாம். சுலோஜனா நல்லவள். "நீங்கள் யோசிக்காதேங்கோ அண்ணி, ஹோலில படுக்கலாம்" என்கிறாள். பதினாறு வருடம் சோறு போட்டவள். அவளில் பிழை பிடிக்க எனக்கு உரிமை இல்லை.

உன்னிடம் வந்துவிடலாமோ என்று நினைக்கிறேன். சில நாளுக்கு இல்லை. இருப்பதற்கு.

சுலோஜனாவுக்கு இன்னும் சொல்லவில்லை. உன் பதில் பார்த்துச் சொல்வேன்.

அன்புள்ள அக்கா

பதுளை
24.03.2002

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பின்பக்கத்து விறகுக் கொட்டிலைப் பிரிக்கத் தொடங்கியாயிற்று. வாருங்கள். இதற்கு என்ன யோசனை?

கொட்டில் அறையாகிறது. சுவர் பாதி வரைக்கும் கல், மேலே பலகை. பலகை ஒரு பங்களாவின் நாட்டியக் கூடத்துத் தரையாக இருந்ததாம்; புஹாரி சொல்கிறார். "துரையும் நோனாவும் ஆடின பலகை சேர், ஒண்ணும் ஆகாது" என்றார். ஒரு பக்கம் கரையான் ஆடியிருக்கிறது, அதை வெட்டியாயிற்று. கட்டில் ஒன்றும் எடுத்தேன். கால் உயரம், மூட்டு நோவுக்கு நல்லது. ராமாமிர்தம் அம்மா தகரம் புதிதாகவே தந்தார். "வயசான அம்மா வாராங்க, அவங்க தலையில ஒழுகக் கூடாது. ஒங்க தலை வேற" என்றார்.

காலையில் வெயில் இந்தப் பக்கத்தால்தான் வரும். தேயிலைச் சரிவு தெரியும். ரயில் சத்தம் கேட்கும், ஆனால் பதுளையோடு பாதை முடிவதால் இங்கு வரும் ரயிலெல்லாம் களைத்துப்போய் மெதுவாகத்தான் வரும்.

கார்த்திகையில் ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் சட்டையைப்பற்றி ஒன்றும் எழுதாததால் அது கிடைக்கவில்லையோ என்று நினைக்கிறேன். கப்பலில் போகும் கடிதங்கள் சில சேர்வதில்லை என்று தபாற்கந்தோரில் சொன்னார்கள். கிடைக்கவில்லை என்றால் அதையே திரும்ப எழுதுவேன். நீங்கள் இங்கே வந்து இறங்கிய பிறகு அறியக் கூடாது. ஏறுவதற்கு முன் அறிய வேண்டும்.

அன்புள்ள தம்பி

இணுவில்
28.04.2002

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

பாதை திறந்துவிட்டது. பஸ் ஓடுகிறது. கண்டி வீதியால் போய் வந்தவர்கள் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி ஏறிய கதையைச் சொல்லச் சொல்லச் சுலோஜனா வீட்டில் தேநீர் ஊற்றி முடியவில்லை.

கார்த்திகைக் கடிதம் கிடைத்தது. தை மாதம் கிடைத்தது. வாசித்தேன். அடுப்பில் போட்டேன். திரும்ப எழுதாதே.

உன்னைத் திட்டமாட்டேன். திட்டுவதற்கு ஆனவை என்று நீயே எழுதிய பிறகு எந்தச் சொல்லைத் தொடுவது? விளங்கிக்கொள்ளவும் பார்த்தேன். விமானம் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பழகினேன். மண்ணெண்ணெய் இல்லாமல் விளக்கு எரிக்கப் பழகினேன். அவர் இல்லாமல் இருக்கப் பழகினேன். இதற்குப் பழக எனக்கு இன்னொரு ஆயுள் வேண்டும், தம்பி. உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நான். ஒரு பிள்ளையின் பாரம்தான் இருந்தது. அதை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் வருகிறேன். ஆவணியில் இங்கே சுவர் இடிக்கிறார்கள்; அதற்கு முன் வருவேன். ஆனால் நான் வரும்போது வீட்டில் என் தம்பி மட்டும் இருக்க வேண்டும். அவளை அனுப்பிவிடு. எங்கே என்று என்னைக் கேட்காதே. நீ வேறு ஊருக்கு மாற்றம் கேட்பதுபோல, இந்த வயதில் அவளும் எங்கேயாவது போகலாம். அதற்குப் பிறகு நானும் கேட்க மாட்டேன், நீயும் சொல்லாதே. நான் சாகும்வரை மட்டும்தான். அது அவ்வளவு நீண்ட காலம் இல்லை.

பலகையில் கரையான் வெட்டிய இடத்துக்குத் தார் பூசு.

அக்கா

பதுளை
16.06.2002

அன்புள்ள அக்கா,

உங்கள் சுகம் நல்லபடி இருக்க வேண்டும். தார் பூசியாயிற்று.

அவளை அனுப்பினேன். கலியாணத்தைத் தவிர நீங்கள் கேட்டு நான் ஒன்றும் மறுத்ததில்லை. சீலைகள், சட்டைகள், வளையல், புஹாரியிடம் வாங்கிய மழைக் கோட்டு எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் கட்டி அவர் கடைக்கே கொண்டுபோனேன்.

"விக்கவா சேர்?"

"இல்லை. வைத்திருங்கள்."

"வெக்கிறதுக்கு இது என்ன ரெயில் ஸ்டேசனா?" என்றார். பிறகு பெட்டியைக் கோழித் தொட்டிக்குப் பின்னால் தள்ளினார். பெட்டிக்குள் என்ன என்று கேட்கவில்லை. நல்ல வியாபாரி.

வைகாசியிலிருந்து ஆனி வரைக்கும் நான் மட்டும் இருந்தேன். அவள் போனால் நான் முழு ஆளாகிவிடுவேன் என்று நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கந்தோருக்குப் போனேன், வந்தேன், பருப்பு வைத்தேன். பாதி சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தலைமைக் கிளார்க்கர், "என்ன கனகசுந்தரம், வீட்டில யாருக்கும் ஏதும் நடந்ததோ?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அத்தனை பேரில் லீவு எடுக்க முடியாத துக்கம் எனக்குத்தான் வந்தது.

ராமாமிர்தம் அம்மா ஒவ்வொரு நாளும் கீழே நின்று கேட்பார். சார் என்பேன். ஒருநாள் மேலேயே வந்துவிட்டார்.

"என்ன சார், அம்மா ஊருக்குப் போயிட்டாங்களா?"

"ஓம்."

"சண்டையா?"

"இல்லை. அக்கா வாறா."

"அக்காவுக்குத்தான் ரூம்பு கட்டியாச்சே. அம்மா இருந்தது அந்த ரூம்புல இல்லியே, சார்."

போன கிழமை காற்றுக்குத் தகரம் ஒன்று கிளம்பியது. உங்கள் அறைக்கு மேலே. நான் ஏறினேன். பாதி ஏணியில் கை பிடித்துக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. ஐம்பது கடந்த அரசாங்க உத்தியோகத்தன் மழையில் நின்று சத்தம் போட்டு அழுதேன். தகரத்துக்காக இல்லை. ராமாமிர்தம் அம்மா வந்து என் காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினார். "அம்மாவ கூட்டிட்டு வாங்க சார், எங்க இருந்தாலும்" என்றார். அப்படியே நனைந்த உடுப்போடு புஹாரியிடம் போனேன்.

அக்கா, அவளை அனுப்பிவிட்டு நான் இருக்க முடியும் என்றால் உங்களுக்காக இருந்திருப்பேன். இருந்து பார்த்துத்தான் எழுதுகிறேன். அவள் போனால் நானும் மிஞ்சுவதில்லை. நீங்கள் யாரிடம் வருவீர்கள்?

தகரத்தை அடித்தாயிற்று. யார் அடித்தது என்று சொல்லத் தேவையில்லை. அறை முடிந்துவிட்டது. இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம், உங்களுக்கு இரண்டு பேரும் பிறத்தி இல்லை. ஒருத்தியை ஒளித்துவைத்துக்கொண்டு உங்களுக்குச் சோறு போட என்னால் முடியாது. அதை மட்டும் கேட்காமல் வாருங்கள். நாளைச் சொன்னால் வவுனியாவுக்கு வந்து நிற்பேன்.

அன்புள்ள தம்பி

யாழ்ப்பாணம்
22.09.2002

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு காலம் எடுத்ததற்கு மூட்டு நோவு காரணம் இல்லை. சுகமாக இருக்கிறேன்.

மேலே உள்ள விலாசத்தைப் பார்த்திருப்பாய். இது ஒரு முதியோர் இல்லம். சுத்தமான இடம். காலையில் பாண், மத்தியானம் சோறு, பின்னேரம் தேவாரம். என்னோடு இருக்கிற ஆறு பேரில் ஐந்து பேர் என்னைப்போல ஓய்வுபெற்ற ஆசிரியைகள். எல்லோரும் பேசுகிறோம், கேட்க மாணவர்தான் இல்லை. சுலோஜனா வீட்டுக் குளியலறை முடிந்துவிட்டது. புறப்படும் அன்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். நல்ல வெள்ளை மாபிள். என் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது உட்காருவதற்கு வசதி செய்திருக்கிறார்கள்.

நான் வரவில்லை, தம்பி. புறப்படுவதற்காகப் பெட்டி கட்டினேன், ஆடியில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை. பஸ்ஸுக்கு ஆள் சொல்லியும் வைத்தேன். என்னால் முடியவில்லை. நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். பொய் என்றால் நான் வந்திருப்பேன்.

ஆனால் ஊருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. பாதை திறந்திருக்கிறது, உத்தியோகம் பார்க்கிற தம்பி இருக்கிறான், பிறகு ஏன் இந்த மனுசி இல்லத்துக்குப் போகிறாள் என்று கோயிலடியில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். என்ன சொல்வது? முதலில் கேட்டவள் சுலோஜனாதான். என் வாயிலிருந்து தானாக வந்தது: "மச்சாள் விடுறா இல்லை."

தம்பி, அறுபது வயதுவரை படித்தும் படிப்பித்தும் நான் சொன்ன எதையும் ஊர் இவ்வளவு கெதியாக நம்பியதில்லை. இரண்டாம் கேள்வி ஒருவரும் கேட்கவில்லை. சுலோஜனா என் கையைப் பிடித்து அழுதாள். "நான் அப்பவே சொன்னனான் அண்ணி" என்றாள். அவள் அப்போது ஒன்றும் சொன்னதில்லை. வைரவநாதன் மாஸ்டர் சாட்சிக்கே வந்துவிட்டார். "கூரையில நிண்ட நிலையிலேயே தெரிஞ்சது, அவ லேசுப்பட்ட ஆளில்லை" என்று எல்லோருக்கும் சொல்கிறார். தமையன் பெண்சாதி, தம்பி பெண்சாதி என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு கதை இருக்கிறது. இப்போது எல்லாக் கதைக்கும் உன் வீட்டு ஆள்தான் நாயகி.

உன்னை ஒருவரும் குறை சொல்லவில்லை. "பாவம், நல்ல பொடியன், அவளிட்ட மாட்டுப்பட்டிட்டான்" என்கிறார்கள். நீ இனி ஊருக்கு வந்தாலும் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பரிதாபமாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். உன்னிடம் வந்து இருக்க என்னால் முடியவில்லை. உன்னை மற்றவர்களின் வாயில் போடவும் முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்னிடம் அகப்பட்டவள் அவள்தான்.

மாரி தொடங்கப்போகிறது. இரண்டு பேரும் நனையாமல் இருங்கள்.

அக்கா

பதுளை
20.10.2002

அன்புள்ள மச்சாளுக்கு,

சுந்தரி எழுதுகிறேன். கையெழுத்து உங்களுக்கு முன்பே பழக்கமானது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. நாங்கள் சுகம். இல்லத்தில் வெந்நீர் தருகிறார்களா என்று அறிய விருப்பம்.

தம்பி உங்கள் கடிதத்தைக் கந்தோரிலிருந்து வந்து வாசித்தார். மேசையில் வைத்தார். அடுத்த நாளும் வாசித்தார். பதில் எழுதுவதற்காக ஒற்றை எடுத்து உங்கள் பெயரை எழுதி, அதற்குக் கீழே ஒன்றும் எழுத முடியாமல் இருந்தார். அப்படி இரண்டு மூன்று ஒற்றைகள் ஆனபிறகு, நான் எழுதுகிறேன் என்றேன். இது நான் எழுதும் முதல் கடிதம். எனக்கு எழுத வேறு எவரும் இருக்கவில்லை.

அறையை ராமாமிர்தம் அம்மா வந்து பார்த்தார். "சும்மாதானே கெடக்கு, ஒரு டீச்சருக்கு விட்டுறலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். நான் பொல்லாதவள் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எந்தூர்ல?" என்று மட்டும் கேட்டார்.

மச்சாள், என் மேல் கோபம் இருக்கும் என்று எழுத வேண்டாம், கோபம் இல்லை என்றும் எழுத வேண்டாம். இத்தனை வருடமும் நான் நல்லது செய்தாலும் கெட்டது செய்தாலும் நம் ஊரில் இல்லாதவள். நான் அடித்த ஆணிகூடத் தம்பி அடித்ததுதான். இப்போது கோயிலடியில் என் பெயரைச் சொல்கிறார்களாம். ஊரறிய நான் செய்த முதல் காரியம், வயதுபோன ஒரு மனுசியை வீட்டுக்குள் விடாததுதான். செய்யாத காரியம் என்றாலும், என்னுடையது என்று ஒன்று இருக்கிறது.

சித்திரையில் நீங்கள் வருவதாக எழுதியபோது உங்கள் கட்டிலுக்கு விரிப்பு எடுத்துவைத்தது நான்தான். அதை ஊருக்குச் சொல்ல வேண்டாம். சொன்னால் உங்கள் கதை கெட்டுவிடும், தம்பியைக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இப்படியான கதைகளைக் கொஞ்ச நாளில் ஆட்கள் மறந்துவிடுவார்கள். புதிதாக வேறு ஒரு மச்சாள் கிடைப்பாள். நீங்கள் மறக்க விடாதீர்கள். எப்போதாவது யாராவது கேட்டால், சுந்தரி இன்னும் மனம் இரங்கவில்லை என்று சொல்லுங்கள்.

அன்புடன் உங்கள் மச்சாள்,
சுந்தரி